தொடர்புகளுக்கு

நிரூவுக்கு இரண்டு குரல்.
மூன்று என்றுதான் சொல்லவேண்டும்.
மூன்றாவதை அந்த வியாழன்வரை
நான் மட்டும்தான் கேட்டிருந்தேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஒலிக்கலவைப் பலகைக்கு முன் இருந்து.

காலை ஏழிலிருந்து பத்துவரை அவன் சென்னைக்காரன்.
"வணக்கம்ங்க, சொல்லுங்க, செமங்க."
பிறந்தது பாசையூர்,
மண்டைதீவுக்கு அப்பால் கடல் தாண்டாதவன்.
நேர்முகத்தில் முகாமையாளர் கேட்டாராம்,
"தம்பி, இந்த ஓம் இல்லாமல் கதைக்கத் தெரியுமோ?"
"ஓம்" என்றிருக்கிறான்.
அப்படியும் வேலை கொடுத்தார்கள்.

ஆறே மாதத்தில்
கஸ்தூரியார் வீதி நகைக்கடையொன்று
ஓட்டோக்களின் முதுகில் அவன் படத்தை ஒட்டியது.
நல்லூர்த் திருவிழா நேரடி ஒலிபரப்பில்
ஒரு பெட்டை அவன் வலது உள்ளங்கையில்
தன் பெயரைப் பேனையால் எழுதிவிட்டு ஓடினாள்.
மூன்று நாள்
சோற்றைக் கரண்டியால் தின்றான்.

இரண்டாவது குரல் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு.
செய்திப்பிரிவில் ஆட்களைக் குறைத்தபோது
மரண அறிவித்தலும் அவன் தலையில் விழுந்தது.
பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட.
அன்னாரின் பூதவுடல்.
உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும்.
அந்தக் குரலை அடிவயிற்றிலிருந்து எடுப்பான்.
நான் பின்னால் வீணையை ஏற்றி இறக்குவேன்.
ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு,
இரண்டாம் தடவை பாதி விலை.
இரண்டு குரலும் ஒரே ஆள் என்று
ஒருவருக்கும் பிடிபடவில்லை என நினைத்திருந்தோம்.
அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வியாழக்கிழமைகளில் கொட்டடி ராசன் எடுப்பார்.
நாலு வருடம், அதே பாட்டு.
யாருக்கு வழங்குகிறீர்கள் என்று கேட்டால்
"ஒருத்தருக்கும் வேண்டாம், சும்மா போடும்" என்பார்.
அவர் இலக்கம் என் திரையில் விழும்.
கண்ணாடிக்கு மேலாக விரல் காட்டுவேன்:
நாலு. ஒன்று. எட்டு.
ராசன் வணக்கம் சொல்லுமுன்
நிரூ பாட்டை எடுத்து வைத்திருப்பான்.

மாசியில் ஒரு செவ்வாய்.
கனகசபை இராசநாயகம்,
இளைப்பாறிய மின்சார சபை ஊழியர்.
வழுக்காமல் வாசித்தான்.
நாளை காலை ஒன்பது மணிக்குக் கிரியைகள்,
தகனம் கோம்பயன்மணல்.
தொடர்புகளுக்கு,
பூச்சியம் ஏழு ஏழு என்று தொடங்கிக் கடைசி மூன்றுக்கு வந்தான்.
நாலில் ஒன்றும் தெரியவில்லை.
ஒன்றில் என்னைப் பார்த்தான்.
எட்டைச் சொல்வதற்குள்
வீணை ஒரு முழுச் சுற்று வந்து முடிந்தது.

வியாழன் காலை எட்டு இருபதுக்கு
அதே இலக்கம்.
நான் விரல் காட்டவில்லை, இணைத்துவிட்டேன்.

"தம்பி, செவ்வாக்கிழமை வாசிச்சது நீங்கள்தானே?"

சென்னைக்காரன் வாயைத் திறந்தான்.
வந்தது பாசையூர்.
"ஓமம்மா, நான்தான்.
உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

"மனுசன் எப்பவோ சொன்னவர்,
ரெண்டிலயும் மூச்சு எடுக்கிற இடம்
ஒண்டெண்டு."

மாவட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.
தேநீர்க் கடைகள், பேருந்துகள், முடிதிருத்தும் நிலையங்கள்.
"பாட்டைப் போடட்டோ அம்மா?"

"ஐயோ வேண்டாம் தம்பி.
எனக்கு அந்தப் பாட்டு ஒருநாளும் பிடிக்காது."

அவதான் முதலில் சிரித்தா.

பின்னேரம் முகாமையாளரின் கடிதம் வந்தது,
நிலையத்தின் மொழி நடை பற்றி, இரண்டு பந்தி.
நிரூ அதை நாலாக மடித்து
ஆடுகிற கதிரையின் காலுக்குக் கீழே வைத்தான்.
வெள்ளி காலை ஏழு மணிக்கு
"வணக்கம்ங்க" என்றான், ஒன்றும் நடக்காததுபோல.

நான் மானியைப் பார்த்தேன்.
வணக்கத்துக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில்
ஊசி ஒரு மயிரளவு எழும்பி விழுந்தது.
இத்தனை வருடமும் எழும்பித்தான் இருக்கும்.
அந்த மூச்சு வெளியே போகாமல் பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.